கண் திறக்காத வாளி

நொமசோந்தோ மபேனா என்ற முழுப்பெயரைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பார்க்கலாம். எங்களுக்கு அவள் சோந்தோ. ஞாயிற்றுக்கிழமை பிறந்தவள். எங்கள் பக்கத்தில் ஞாயிறு பிறந்த பெண்ணுக்கு வேறு பெயர் யோசித்து மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் எங்கள் எஃகு ஊர் க்ளிப்வாட்டரில் கிடையாது. அவள் கீழே மேடையில் நின்ற காலமெல்லாம் நான் மேலே கிரேனில் உட்கார்ந்திருந்தேன். உருகிய எஃகு நிறைந்த வாளியைத் தூக்கி வந்து அவள் முன்னால் வைப்பதும், அவள் வேலை முடிந்ததும் எடுத்துப் போவதும்தான் இந்த ரிஜாய்ஸ் ஸ்கோசானாவின் பிழைப்பு. கிரேன்காரிக்கு லிவரைத் தவிர என்ன தெரியும் என்று கீழே இருக்கிறவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்புக்கு வருகிறேன், பொறுங்கள்.

எங்கள் ஆலையில் செய்வது எவர்சில்வர். பழைய இரும்பும் குரோமும் மின்சார உலையில் உருகும். பிறகு பக்கத்துக் கலத்தில் ஆக்சிஜன் ஊதிக் கரியை எரிப்பார்கள். கரி போய்விடும், ஆனால் உள்ளே போன ஆக்சிஜனில் கொஞ்சம் அங்கேயே தங்கிவிடும். அதைப் பிடித்து வெளியேற்றச் சிலிக்கன் போட்டால் ஆக்சிஜன் பொடிப்பொடியான துகளாக மாறி எஃகுக்குள்ளேயே மிதக்கும். அதைத்தான் நாங்கள் அழுக்கு என்போம். கண்ணுக்குத் தெரியாத அழுக்கு. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அது போதும், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் முகம் தெரிகிற மாதிரி பளபளவென்று தேய்க்கிற தகடு ஒன்று இருக்கிறது. பால் கம்பெனித் தொட்டிகளுக்குப் போவது. அதில் இந்தத் துகள் இருந்தால், தகட்டை உருட்ட உருட்ட நீண்டு மயிரிழை மாதிரி கோடு விழும். கோட்டில் பால் தங்கும், புளிக்கும். கம்பெனிக்காரன் தகட்டைத் திருப்பி அனுப்புவான்.

அந்த அழுக்கை எடுப்பதுதான் சோந்தோவின் வேலை. வாளியின் அடியில் நுண்துளைக் கல் ஒன்று பதித்திருக்கும். அதன் வழியாக ஆர்கான் வாயுவை மெல்ல விட்டால் குமிழி மேலே வரும், துகள் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். எஃகின் மேல் போர்வை மாதிரி கிடக்கும் கசடு அதை வாங்கிக்கொள்ளும். எல்லாம் மெல்ல நடக்க வேண்டும். எலும்புச் சாறு வைத்தவர்களுக்கு இது புரியும். மெல்லக் கொதித்தால் நுரை மேலே ஒதுங்கும், அடுப்பைத் தூண்டிவிட்டால் எல்லாம் திரும்பக் கலங்கிவிடும். வாயு வேகமாகப் போனால் கசடுப் போர்வை கிழிந்து நடுவில் வெள்ளையாக எஃகு தெரியும். அதற்குக் கண் என்று பெயர். கண் திறந்தால் காற்று படும், புது அழுக்கு பிறக்கும், கசடும் உள்ளே இழுபடும். அதற்காக வாயுவை ஒரேயடியாகக் குறைத்தால் கல் அடைத்துக்கொள்ளும். அது செத்த கல். செத்த கல்லோடு ஒரு வாளி திரும்பிப் போனால், நின்றவர் யாரோ அவர் பெயர் கெட்டது.

சோந்தோ அந்த மேடைக்கு வந்தது செங்கல் கும்பலிலிருந்து. காலி வாளிக்குள் இறங்கி உட்கார்ந்து சுவரிலும் அடியிலும் கல் பதிக்கிற கும்பல். தூசியைத் தின்று வருஷங்கள் போக்கிவிட்டு, பரீட்சை எழுதி, பயிற்சி முடித்து மேடைக்கு ஏறினாள். எங்கள் ஆலையில் அந்த மேடையில் நின்ற முதல் பெண் அவள்தான். அவள் ஏறிய அன்று முந்தைய ஷிப்டின் மேடைக்காரர் பாபா மசிலேலா எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "இது களி கிண்டுற சட்டி இல்ல, சிசி." சிசி என்றால் சகோதரி. ஆண்கள் சிரித்தார்கள். நான் மேலேயிருந்து ஹாரன் அடித்தேன். வேறென்ன செய்ய?

ஃபன்யானா மசிலேலா கெட்டவர் இல்லை. வயதில் மூத்தவர், அதனால் எல்லாருக்கும் பாபா. பெரிய உடம்பு, குடி கிடையாது, புகை கிடையாது. சட்டை மார்பில் அவர் சர்ச்சின் நட்சத்திரச் சின்னம் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

சோந்தோ ஏறிய முதல் மாதத்திலேயே அது நடந்தது. பாபாவிடமிருந்து வாளியை வாங்கினாள், கொஞ்ச நேரத்தில் கல் செத்துப்போனது. எவ்வளவு வாயு கொடுத்தும் ஒரு குமிழி வரவில்லை. வாளியை நான்தான் திருப்பித் தூக்கிக்கொண்டு போனேன். அவள் மேடையில் தலைகுனிந்து நின்றது மேலே எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து காண்டீனில் அவள் தட்டை வைத்தால் யாராவது ஒருத்தன், "பாத்துடி, சூப்பும் செத்துரப் போகுது" என்பான். பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு அப்படி ஆத்திரம் வரும்.

அதன் பிறகு கல் சாகவில்லை. ஆனால் வேறொரு பீடை வந்தது. அவள் ஷிப்டில் போன பளபளத் தகடு அடிக்கடி கோடு விழுந்து திரும்பி வர ஆரம்பித்தது. மற்ற ஷிப்டுகளிலும் அங்கங்கே ஒன்று வரும், இல்லையென்று சொல்லவில்லை. அவளுடையதுதான் அதிகம். மேலாளர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்: பால் தொட்டிக்காரர்களின் அடுத்த ஆர்டர் சுத்தமாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் சோந்தோ திரும்பச் செங்கல் கும்பலுக்கு. அவர் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

அவளுக்கு அந்த மேடை சம்பளம் மட்டும் இல்லை. வாளிக்குள் உட்கார்ந்து தூசி தின்ற காலத்தில் அவள் சொல்வாள்: "ஒரு நாளைக்காவது இதுல எஃகு இருக்கும்போது நான் மேலேயிருந்து பாக்கணும், சிசி." இனிமேல் கீழே இறங்கினால் திரும்ப ஏறவிட மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்குப் பின்னால் செங்கல் கும்பலில் இன்னும் பெண்கள் இருந்தார்கள், மேடையைப் பார்த்தபடி.

ஆய்வுக்கூடத்தில் டிர்க் என்றொரு பொறியாளர். ஆஃப்ரிகானர் வெள்ளைக்காரப் பையன், சின்ன வயசு, ஆனால் வேலைக்காரன். யார் மேலும் பழி போடாமல் கோடு விழுந்த தகட்டை வெட்டி நுண்ணோக்கியில் நாள் கணக்கில் பார்த்தான். பிறகு சோந்தோவைக் கூப்பிட்டுக் காட்டினான். நான் கூடப் போயிருந்தேன். திரையில் உருண்டையாகச் சில துகள்கள், அதோடு கொத்துக்கொத்தாகக் கோணல்மாணலாக வேறு சில. உருண்டையானது பழைய அழுக்கு, அது குறைவாகத்தான் இருக்கிறது, நீ ஒழுங்காக எடுத்திருக்கிறாய் என்றான். கொத்தாக இருப்பது புதிது, சுத்தம் செய்கிற நேரத்திலேயே எங்கோ காற்று பட்டிருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை. வாயு அளவு திரையில் எப்போதும் சரியாக இருக்கிறது என்று தலையைச் சொறிந்தான்.

மறுநாள் மதியம் ஷிப்டுக்கு முன்னால், கேட்டுக்கு வெளியே சோந்தோவும் நானும் மக்வின்யா வாங்கினோம். எண்ணெயில் பொரித்த அந்த மாவு உருண்டையைப் பிய்த்து உள்ளே கொத்துக்கறி வைத்துத் தின்றுகொண்டே அவள் புலம்பினாள். காற்று எங்கே படுகிறது, கண் திறக்காமல்தானே வைத்திருக்கிறேன் என்றாள்.

"கண்ணா? தினமும் திறக்குதே" என்றேன்.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "எப்ப?"

"நீயும் பாபாவும் மேடைக் கேபினுக்குள்ள கையப் புடிச்சுக்கிட்டு ஊர்க்கதை பேசுவீங்களே, அப்பதான். லாரி சக்கரம் அளவுக்கு வெள்ளையா. நீங்க வெளிய வந்ததும் மூடிக்கும்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னை எவ கேட்டா? அதுவும் உங்க வேலைல ஒரு பாகம்னு நெனச்சேன்."

இதுதான் விஷயம், புரிகிறதா? ஷிப்ட் மாறும்போது எங்கள் ஆட்கள் சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் இல்லை. வலது கையை நீட்டி, இடது கையால் அதைத் தாங்கி, வீட்டில் எப்படி, பிள்ளை எப்படி, மாடு எப்படி, மழை எப்படி என்று கேட்டு முடிக்காமல் வேலையைக் கொடுக்கவும் கூடாது வாங்கவும் கூடாது. அதற்குள் வாளியில் கல் அடைத்துப்போனால் வருகிறவருக்குச் செத்த கல்லைக் கொடுத்ததாகிவிடும். அதனால் போகிறவர் கேபினுக்கு வரும் வழியில், பக்கத்திலிருக்கும் கைவால்வைக் கொஞ்சம் திறந்துவிட்டு வருவார். அது அடைப்பெடுக்க வைத்த பக்கவழி, அளவு பார்க்கிற கருவி வழியாகப் போகாது. அதனால் டிர்க்கின் திரைக்குத் தெரியாது. பேசி முடித்து இருவரும் மேடைக்குப் போகும்போது போகிறவர் முன்னால் போய் அதை மூடிவிடுவார். யாரும் சொல்லிக் கொடுக்காத மரியாதை அது. பெரும்பாலும் ஒரு சுற்றுத்தான் திறப்பார்கள். சோந்தோவின் வாளிக்கு மட்டும் கண் லாரிச் சக்கரம் அளவுக்கு. குளிர்காலத்தில் காலை மின்சாரம் விலை அதிகம் என்று உலையைத் தாமதமாகத்தான் போடுவார்கள். அதனால் நாளின் முதல் பளபளத் தகட்டு வாளி சரியாக இரண்டு மணிக்கு, ஷிப்ட் மாறும்போதுதான் மேடையில் இருக்கும். எல்லாம் சேர்ந்துகொண்டது.

சோந்தோ டிர்க்கிடம் சொன்னாள். அவன் உட்கார்ந்து யோசித்து, ஆமாம், கொத்துத் துகளுக்கு இதுதான் காரணமாக இருக்க முடியும் என்றான். அந்த வால்வுக்குப் பூட்டுப் போட்டுவிடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். நிஜமாகவே கல் அடைத்தால் அது வேண்டும். தவிர, பூட்டுப் போட்டால் பாபாவை எல்லார் முன்னாலும் திருடனாக்கியது மாதிரி. நான் பேசிக்கொள்கிறேன் என்றாள்.

பெரியவரிடம் கனமான பேச்சு என்றால் எங்களில் நேராகப் போய் முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டோம். நடுவில் ஒரு வாய் வேண்டும். அந்த வாயாக என்னை இழுத்துக்கொண்டு போனாள். அந்த வாரம் பாபா தன் ஷிப்ட் முடிந்தும் கூடுதல் நேரம் பார்த்து எங்களோடு இரவுப் பேருந்தில்தான் திரும்புவார். பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் பாபா ஒரு முனை, சோந்தோ மறுமுனை, நடுவில் நான்.

"சிசி, பாபாகிட்ட கேளு" என்றாள் என்னைப் பார்த்து. "நாங்க பேசிட்டிருக்கிற நேரத்துல வாளி கண்ணு தெறந்து கெடக்குதாமே, தெரியுமான்னு."

நான் அந்தப் பக்கம் திரும்பினேன். "பாபா, இவ என்ன கேக்குறான்னா—"

"காது கேக்குது" என்றார். "தெரியும்னு சொல்லு. நான்தான் தெறந்து வெக்கிறேன்."

"ஏன் அவ்வளவுன்னு கேளு. மத்தவங்க ஒரு சுத்துதான் தெறப்பாங்க."

அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். பேருந்து ஒன்று வந்து நின்று எங்களை ஏற்றாமலே போனது. பிறகு என்னைத் தாண்டி அவளையே பார்த்தார்.

"அன்னைக்கு அந்தக் கல்லு உங்கிட்ட சாகல, சோந்தோ. எங்கிட்டயே செத்துப்போச்சு. தெரிஞ்சேதான் உங்கிட்ட குடுத்துட்டுப் போனேன். எல்லாரும் உன்னைப் பேசுனப்ப வாய மூடிட்டிருந்தேன். அதுலேர்ந்து, இனிமே உனக்கு உயிருள்ள கல்லத்தான் குடுக்கணும்னு வால்வ நல்லா தெறந்துவிட்டேன்."

சோந்தோ எழுந்தாள். அடுத்த பேருந்தில் ஏறிப் பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள், என்னையும் பக்கத்தில் விடவில்லை. வீடு வரைக்கும் அழுதாள். துக்கத்தில் அழவில்லை, கோபத்தில் அழுதாள். எனக்கும் அந்த ஆளைப் பேருந்துக்கு முன்னால் தள்ளிவிடலாம் போலத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஷிப்ட் தொடங்கும் முன் பாதுகாப்புக் கூட்டத்தில் பாபா மசிலேலா கையைத் தூக்கினாராம். அந்தச் செத்த கல் என்னுடையது, அந்தப் பெண்ணுடையது அல்ல என்று எல்லார் முன்னாலும் சொன்னாராம். யாரும் சொல்லச் சொல்லவில்லை. மதியம் நாங்கள் வருவதற்குள் காண்டீன் வரைக்கும் செய்தி வந்துவிட்டது. சூப்பைக் கிண்டல் செய்தவன் அன்று சோந்தோவுக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றான்.

அன்றிரவு சோந்தோ என்னைக் கூட்டிக்கொண்டு திரும்பப் பெஞ்சுக்குப் போனாள். அடுத்த நாள்தான் பால் தொட்டிக்காரர்களின் ஆர்டருக்கு முதல் வாளி.

"நாளைக்கு அவரால ஒண்ணும் செய்யாம இருக்க முடியுமான்னு கேளு."

"ஒண்ணும் செய்யாமயா?" அவருக்கு உண்மையிலேயே வேதனை. "பேசி முடிக்கிறதுக்குள்ள அடைச்சுக்கிட்டா? மறுபடியும் உன் தலைல விழுமே."

அவள் முதல்முறையாக அவரிடம் நேராகப் பேசினாள். "அந்தக் கல்ல வருஷக்கணக்கா என் கையால பதிச்சவ நான். மெல்ல விட்டாலும் அது மூச்சு விடும். இது களி கிண்டுற சட்டி இல்ல, பாபா."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தன் வார்த்தையே திரும்பி வந்ததும் முதலில் சுருங்கிப்போனார், பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஆனால் அன்று மூன்று பேரும் ஒரே சீட்டில் நெருக்கிக்கொண்டு போனோம்.

மறுநாள் சோந்தோ சீக்கிரமே வந்து செங்கல் கும்பலிடம் போய், அன்றைய காலி வாளிக்குள் இறங்கி அந்தக் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு மணிக்கு வாளி மேடையில் இருந்தது. பாபா கையுறையைக் கழற்றி உதவியாளிடம் கொடுத்தார். இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டில் விட்டார். வால்வைத் தாண்டி நடந்தார். எங்களில் பாக்கெட்டில் கைவைத்து ஒருவரைப் பார்க்கப் போனால் அது அவமானம், நாயைக்கூட அப்படிப் பார்க்கமாட்டோம். அவர் அப்படியே கேபின் வாசலுக்குப் போய் நின்று, "நான் ஒண்ணும் செய்யல" என்றாராம். பிறகுதான் கையை வெளியே எடுத்தார்.

மேலேயிருந்து எட்டிப் பார்த்தேன். கண் திறக்கவில்லை, சரி. ஆனால் குமிழியும் தெரியவில்லை. கசடு அசையாமல் கிடந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். ரேடியோவில் கத்தினேன். சோந்தோ வெளியே ஓடி வந்தாள், பாபா பின்னாலேயே. அவர் கை தானாகவே வால்வுச் சக்கரத்துக்குப் போய்விட்டது. டிர்க் அங்கேதான் நின்றிருந்தான். அழுத்தமானியைப் பார்த்து, வாயு போய்க்கொண்டுதான் இருக்கிறது, அடைப்பில்லை என்றான்.

சோந்தோ வாளி நிற்கும் வண்டியின் கைப்பிடியில் வெறுங்கையை வைத்தாள். வாயு போனால் அங்கே மெல்லிய அதிர்வு தெரியும்.

"உயிரோடதான் இருக்கு" என்றாள். "கைய எடுங்க, பாபா."

அந்தக் கை சக்கரத்தைவிட்டு வருவதற்கு என்ன பாடுபட்டது என்று மேலேயிருந்து நான் பார்த்தேன். எடுத்தார். எடுத்து மறுபடி பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். கொஞ்சம் பொறுத்துக் கசடுப் போர்வை லேசாக ஒரு முறை மேலெழுந்து தாழ்ந்தது, தூங்குகிற ஆளின் மார்பு மாதிரி. பிறகு இன்னொரு முறை. நான் கிரேனில் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

தகடு உருட்டித் தேய்த்து வர நாளாகும். அந்த நாட்களில் சோந்தோ சாப்பாட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு எனக்குத் தள்ளிவிடுவாள், நான்தான் பெருத்தேன். ஒரு மதியம் டிர்க் ஆய்வுக்கூடத்திலிருந்து மேடை வரைக்கும் ஓடியே வந்தான். ஓடக் கூடாத இடம் அது, மேற்பார்வையாளர் கத்தினார். கோடு இல்லை என்றான். முதல் வாளி, அடுத்தது, அதற்கடுத்தது, எதிலும் இல்லை. கொத்துத் துகள் அநேகமாகக் காணவே காணோம். சோந்தோ மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேலாளர் வந்து கை கொடுத்தார், இடது கையால் தாங்கி, எங்கள் முறைப்படி. செங்கல் கும்பலிலிருந்து அடுத்த வருஷம் இன்னொரு பெண் ஏறினாள், அதற்குப் பிறகு இன்னொருத்தி.

பழக்கமும் மாறியது. எல்லா ஷிப்டிலும் போகிறவர் பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டுதான் கேபினுக்கு வருவார். "நான் ஒண்ணும் செய்யல" என்பார். வருகிறவர் நன்றி சொல்வார். பிறகு கை கொடுத்து, வீடு, பிள்ளை, மாடு, மழை. வெளியாள் பார்த்தால் பைத்தியங்கள் என்றுதான் நினைப்பான்.

பாபா மசிலேலா ஓய்வு பெற்றபோது சமூகக் கூடத்தில் விருந்து. ஆட்டுக்கறி, களி, பீட்ரூட், இஞ்சி பீர். அவர் மனைவி புதுத் துணி தைத்துப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தார், சர்ச் ஆட்களும் வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து பாபா தனக்குச் செய்த நன்மையைச் சொன்னார்கள். ஒருத்தனுக்கு வேலை சொல்லிக் கொடுத்தார், ஒருத்தன் வீட்டுச் சாவுக்குப் பக்கத்தில் நின்றார். கடைசியில் சோந்தோ எழுந்தாள்.

"பாபா மசிலேலா எனக்கு ஒண்ணுமே செய்யல" என்றாள். "இத்தன வருஷத்துல ஒரு நாள்கூட."

அவர் மனைவியின் முகம் விழுந்துவிட்டது. சர்ச் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதற்குள் உருக்குக்கூடத்து ஆட்கள் அத்தனை பேரும் எழுந்து தரையதிர மிதித்தார்கள். டிர்க் விசில் அடித்தான், நான் மூக்கைச் சிந்தினேன்.

பாபா மெல்ல எழுந்தார். கண்ணைத் துடைக்கவில்லை. அவளைப் பார்த்து நின்றபடியே, இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.